காப்போடு எல்லை தாண்டியது

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் ஊன்றுவோம். ஆமணக்குக் குச்சி, கரும்பு, வைக்கோல் எல்லாம் சேர்த்துக் கட்டிக் கோயில் முன்னால் நட்டுவிட்டு, அன்றைக்கே மூன்று பேருக்கு மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். மன்மதன் வேஷக்காரன், ரதி வேஷக்காரன், கோயில் தலைவர். பௌர்ணமியில் காமனை எரித்து, அதற்கு மூன்றாம் நாள் உயிர் எழுப்பும் வரைக்கும் காப்பு கையில் இருக்கும். கவிச்சி கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடு. படுக்கை கோயிலில். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருசத்துக் காமன் விளங்காது, தோட்டத்துக்கே ஆகாது என்று பெரியவர்கள் வைத்த கட்டு.

நான் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். படித்தது எட்டு வரைக்கும். பதினோரு வருசமாக ரதி வேஷம் எனக்குத்தான். மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டி நின்றால் என் சம்சாரமே, “என்னய விட ஒங்களுக்குத்தான் இந்தச் சேல எடுப்பா இருக்கு” என்பாள். மன்மதன் அவளுடைய தம்பி, என் மச்சினன். ஆட்டோ ஓட்டுகிறவன். காப்புக் கட்டியதும் ஆட்டோவை ரெட்டுத்துணியால் மூடிவிட்டு, ஓட முடியாத குறையை வாயால் தீர்த்துக்கொள்வான். “அக்கா புருசனையே கட்டிக்கிட்டு அழுவுறேன், என் தலையெழுத்த பாருங்க” என்று ஊர் சிரிக்கச் சொல்லுவான்.

பதினோரு வருசத்தில் ஒரு தரம் நான் அந்தக் கட்டை மீறினேன். பயந்து மீறினேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

என் மூத்த மகள் வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்த நாட்டின் பெயர் வேண்டாம். ஏஜென்சியில் இரண்டு நாடு சொன்னார்கள். ஒன்றில் சம்பளம் கொஞ்சம் கூட. ஆனால் அங்கே சண்டை வரும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். நான்தான் மகளைக் கூப்பிட்டு, “இந்தச் சின்ன நாட்டுக்கே போம்மா. இவங்க யாரு வம்புக்கும் போறவங்க இல்ல” என்றேன். நான் சொன்னேன் என்றுதான் அவளும் போனாள். அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு பெரிய நாட்டின் பட்டாளம் முகாம் போட்டுக் குடியிருக்கிறது என்று ஏஜென்சியில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டுப் பட்டாளம் இருக்குமா என்று கேட்க வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்?

காமன் ஊன்றி நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் கவ்வாத்து மலையிலிருந்து இறங்கி வரும்போது கடையில் டீவியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அந்தப் பெரிய நாடு தன் கூட்டாளியோடு சேர்ந்து, தூரத்தில் இருக்கிற இன்னொரு நாட்டுக்குள் விமானத்தில் போய்க் குண்டு போட்டுவிட்டதாம். ராத்திரி சொல்லிக்கொள்ளாமல் போய்ப் போட்டிருக்கிறார்கள். அடி வாங்கிய நாடு பெரிய நாட்டை எட்டி அடிக்க முடியாமல், பக்கத்துச் சின்ன நாடுகளில் இருக்கும் அதன் முகாம்களைப் பார்த்து ராக்கெட் விடுகிறது. அதில் என் மகள் இருக்கிற நாடும் ஒன்று.

அடித்தவன் வீடு தூரத்தில் நிம்மதியாக இருக்கிறது. அடி வாங்கியவன் திருப்பி அடிக்கிறான். அடி விழுவது இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத இடத்தில். அந்த இடத்தில் யாருடைய பிள்ளைக்கோ சோறு ஊட்டிக்கொண்டு என் பிள்ளை நிற்கிறாள். இதில் நான் யார் மேல் கோபப்படுவது? கடையில் ஒருவர் பெரிய நாட்டைத் திட்டினார். இன்னொருவர் அடி வாங்கிய நாட்டைத் திட்டினார். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

நாங்கள் குடியிருக்கிற லயத்தில் சிக்னல் கிடையாது. மேல் மலை உச்சியில் எல்லைக்கல் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு கான், மழைத்தண்ணீர் ஓடுகிற சின்ன வாய்க்கால். கானுக்கு இந்தப் பக்கம் எங்கள் தோட்டம், அந்தப் பக்கம் வேறு தோட்டம். கான் ஓரத்தில் நின்றால் வாட்ஸ்அப்பில் வருவது மட்டும் எப்படியோ வந்து விழும். பேச வேண்டுமானால் அந்தப் பக்கம் பத்தடி ஏறிப் பாறையில் நிற்க வேண்டும். மறுநாள் போனை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். நின்ற உடனே மகளின் குரல் ஒன்று வந்து விழுந்தது. “அப்பா, அவசரமா ஒரு கோல் எடுங்க.”

எடுத்தேன். “அப்பா... மேடம் வீட்ல...” என்றது, அறுந்தது. மறுபடி எடுத்தேன். இரைச்சல். கானுக்கு மேலே கையை நீட்டி, போனை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் சாய்த்துக் கேட்டுப் பார்த்தேன். கை தாண்டினால் எல்லை தாண்டியதாகுமா? கால்தானே கணக்கு என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்திலும் மனது சட்டம் பேசுகிறது பாருங்கள்.

அடுத்த தோட்டத்துக் காவலுக்கு இருக்கிற வாச்சர் ஒரு சிங்களவர், என் வயதுக்காரர். பாறைப் பக்கத்துக் குடிலில் இருந்து என்னைப் பார்த்துவிட்டு, “அய்யே, மெஹாட்ட எண்ட, மெஹே சிக்னல் தியெனவா” என்று கூப்பிட்டார். இங்கே வாருங்கள், இங்கே சிக்னல் இருக்கிறது என்கிறார். நான் கையில் இருந்த காப்பைக் காட்டி, பூஜை, வரக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இறங்கி வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு பாறை மேல் ஏறி, ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தோட்டத்தில் போன். என் தோட்டத்தில் நான். நடுவில் கான். நான் இங்கிருந்து கத்துகிறேன்.

“சொல்லும்மா! அப்பாதான்!”

“அப்பா, மேடம் வீட்ல எல்லாரும் கார்ல பக்கத்து நாட்டுக்குப் போறாங்க. என்னயும் வரச் சொல்றாங்க. வராட்டி வீட்டுச் சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போறாங்களாம். நான் என்னாப்பா செய்ய?”

“பாஸ்போட்டு எங்க?”

“மேடம் கையில. அப்பா, நீங்க சொல்றது வெளங்கல. காலையில சன்னல் கண்ணாடியெல்லாம் ஆடிச்சுப்பா...”

அதற்குப் பிறகு அவள் அழுகிற சத்தம்தான். காற்று அதையும் பாதி அள்ளிக்கொண்டு போனது. வாச்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் மகள் அழுவதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த மனிதரின் முகம் கோணிப்போனது. நான் கானைத் தாண்டிவிட்டேன். யோசித்துத் தாண்டவில்லை. பாறை மேல் நின்று போனைக் காதில் வைத்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்றே தெரிந்தது.

“அஞ்சு நிமிசத்துல சொல்லுங்கப்பா. சாமான் ஏத்துறாங்க.”

எனக்கு என்ன தெரியும்? அவள் இருக்கிற தெருவைத் தெரியாது. அவர்கள் போகிற நாட்டைத் தெரியாது. ஆனால் தகப்பன் என்று கேட்டால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். உறுதியான குரலில், “போம்மா. அவங்களோட போ. தனியா மட்டும் இருக்காத” என்றேன்.

“சரிப்பா” என்று வைத்துவிட்டாள்.

வாச்சர் என் முதுகைத் தட்டி ஏதோ சொன்னார். தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி. மறுபடி கானைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தேன். யாரும் பார்க்கவில்லை. தேயிலை அப்படியே நின்றது. கையில் காப்பும் அப்படியே இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் கொழுந்தெடுக்க மேல் மலைக்குப் போன என் சம்சாரத்தின் போனில் அடுத்த செய்தி வந்தது. மத்தியானம் அவள் கூடையை இறக்காமலே கோயிலுக்கு வந்தாள். போனைப் போட்டுக் காட்டினாள். மகள் மெதுவாகப் பேசினாள். எல்லையில் நிறுத்திவிட்டார்களாம். மேடம் வீட்டுக்காரர்களைப் போகவிட்டு, இவளுடைய விசா இந்த நாட்டுக்கு மட்டும்தான் என்று இவளை இறக்கிவிட்டார்களாம். மேடம் பாஸ்போட்டைக் கையில் கொடுத்து, தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொடுத்து, அழுதுவிட்டுப் போனாளாம். “இங்க ஒரு கொட்டகையில இருக்கோம்ப்பா. எங்கள மாதிரி நெறய பேரு. போன்ல சார்ஜ் இல்ல. பயப்படாதீங்க.” அவ்வளவுதான். திருப்பி எடுத்தால் போன் வேலை செய்யவில்லை.

விமானம் எல்லை தாண்டுகிறது, ராக்கெட் எல்லை தாண்டுகிறது. ஒரு முத்திரை இல்லாததால் என் மகளால் தாண்ட முடியவில்லை. இது மச்சினன் சொன்னது. எனக்கு அப்போது அப்படியெல்லாம் ஓடவில்லை. என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. நான் காப்போடு எல்லை தாண்டினேன், சாமி என் மகளை எல்லையிலேயே நிறுத்திவிட்டது.

சம்சாரத்திடம் சொன்னேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “யாரும் பாக்கலல்ல? வாய மூடிக்கிட்டு இருங்க” என்றாள்.

“சாமி பாத்துருச்சே.”

“அந்தச் சாமிக்கு நீங்க ஏன் தாண்டுனீங்கன்னு தெரியாதா? குண்டு போட்டவன வுட்டுட்டு ஒங்களப் புடிக்கத்தான் அதுக்கு நேரமிருக்கா?”

ஆனாலும் அன்று சாயங்காலம் பூசை முடிந்ததும் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். காமன் முன்னாலேயே சபை கூடியது. ஆண்கள் சாக்கில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். தலைவர் பெரிய மனிதர். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து தலைமை அந்த வீட்டில்தான்.

“கை தாண்டுச்சா, கால் தாண்டுச்சா?” என்று கேட்டார்.

“மொதல்ல கை. பொறகு காலும்தான், தலைவரே.”

“கை தாண்டுனது கணக்கில்ல. கால் தாண்டுனதுதான் குத்தம்.”

மச்சினன் குரல் கொடுத்தான். “அதுக்குத்தான் மாமா அவங்க எல்லாம் பிளேன்ல போறாங்க. கால் கீழ படல பாருங்க.”

சபை சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பழைய காப்பை அவிழ்த்து, மஞ்சத்தண்ணீரில் குளித்து, புதுக்காப்புக் கட்டிக்கொண்டு, காமனை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றி, சபையில் விழுந்து கும்பிட வேண்டும். ரதி வேஷம் நானே கட்டலாம். எனக்கு மனது லேசானது. தப்புக்குத் தண்டனை என்று ஒன்று கிடைத்துவிட்டால் மனிதனுக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியில்தான் கேட்டேன். “தலைவரே, எனக்குக் கேக்குறதுக்கு நீங்க இருக்கீங்க. கேக்காம இன்னொருத்தன் நாட்டுக்குள்ள போயி குண்டு போட்டாங்களே, அவங்கள யாரு கேப்பா?”

“ஒலகப் பஞ்சாயத்து ஒண்ணு இருக்கு மாமா” என்றான் மச்சினன். “ஆனா அதுல அஞ்சு பெரிய ஆளுங்க நெரந்தரமா உக்காந்திருக்காங்க. அஞ்சுல ஒருத்தன் வேணாம்னு கையத் தூக்குனா கேசு முடிஞ்சிருச்சு.”

“குத்தம் செஞ்சவனே கையத் தூக்கலாமா?”

“அவன்தான் மொதல்ல தூக்குவான்.”

மறுபடி சிரிப்பு. தலைவர் தொடையைத் தட்டி, “அப்ப நாளைக்கு நான் எல்லை தாண்டுனா நானே கையத் தூக்கித் தப்பிச்சுக்கலாம்னு சொல்லு” என்றார்.

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து என் சம்சாரத்தின் குரல் வந்தது. “போன வருசம் நீங்க தாண்டுனீங்களே தலைவரே. காப்போட தலவாக்கல டவுனுக்குப் போயி மக கல்யாணத்துக்கு மண்டபம் பாத்துட்டு வந்தீங்க. ஒங்களுக்கு எத்தன சுத்து?”

தலைவர் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். “அது வேற விசயம். சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் போனேன்” என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. போன வருசம் அவர் பஸ் ஏறியதை நானே பார்த்தவன்தான். அவர் என் மகள் பயணத்துக்குக் கடிதம் கொடுத்த மனிதர், என் தகப்பனார் சாவை முன்னால் நின்று நடத்திய மனிதர். அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. உத்தரவு கொடுத்த சாமி எனக்கும் கொடுத்திருக்குமோ, கேட்க நேரம் இல்லாமல் போனதுதான் என் குற்றமோ என்று நினைத்துக்கொண்டே நூற்றெட்டையும் சுற்றி முடித்தேன். அறுபதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. மச்சினன்தான் நின்று எண்ணினான்.

கோயிலில் நான் படுக்கையை விரிக்கும்போது சம்சாரம் லயத்துக்குக் கிளம்பினாள். போகிறபோது, “தல சுத்துதா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று எழுதத் தெரியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளை மாற்றி மாற்றி உச்சிக்கு அனுப்பினோம். செய்தி இல்லை. மகள் போகவிருந்த அந்தப் பக்கத்து நாட்டிலும் ராக்கெட் விழுந்தது என்று டீவியில் சொன்னார்கள். அப்படியானால் அவளை எல்லையில் நிறுத்தியது நல்லதா? ‘போ’ என்று நான் சொன்னது கெட்டதா? கொட்டகையில் கிடப்பது நல்லதா? சாமி தண்டித்ததா, காப்பாற்றியதா? விளக்கு முன்னால் நின்றால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. பெரிய நாட்டைத் தண்டி என்று கேட்கலாமா? தண்டித்தால் அந்த அடியும் எந்த வீட்டுச் சன்னலில் போய் விழுமோ?

பௌர்ணமியில் வேஷம் கட்டினேன். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கிற சிவன் மேல் அம்பு விடச் சொல்லி தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். அவன் போய் விடுகிறான். நெற்றிக்கண் திறந்து சாம்பலாகிறான். ரதி வந்து அழுகிறாள். இத்தனை வருசமாக நானும் புருசனைக் கேட்டுத்தான் அழுதிருக்கிறேன். இந்தத் தரம் அழும்போது ஒன்று உறுத்தியது. அனுப்பிய தேவர்கள் எங்கே? எரிந்த இடத்தில் அவர்களில் ஒருவரும் இல்லை. எங்கள் கூத்தில் அவர்களுக்கு வேஷக்காரனே கிடையாது. ஓலை மட்டும்தான் வரும். சரி, அனுப்பியவர்கள் குற்றவாளி என்றால், அழைக்காத இடத்துக்குள் அம்போடு நுழைந்தவனை எரித்தது நியாயம்தானே? நியாயம் என்றால் நான் எதற்கு அழுகிறேன்? அடவு தவறி நின்றுவிட்டேன். சாம்பல் பக்கத்தில் படுத்திருந்த மச்சினன் கண்ணைத் திறக்காமலே, “அழுவுங்க மாமா, சனம் பாக்குது” என்றான். அழுதேன்.

மூன்றாம் நாள் உயிர் எழுப்பி, காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டோம். அதற்கு மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால், சம்சாரமும் நானும் உச்சிக்கு ஏறினோம். பாறையில் நின்று எடுத்ததும் மணி அடித்தது.

“அப்பா!”

சம்சாரம் போனைப் பறித்து, “சாப்பிட்டியா?” என்றாள். உடனே போனை என்னிடமே நீட்டினாள். மறுபடி நான் வாங்கினேன்.

கொட்டகையில் இருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி, நம் நாட்டுப் பெண்களைத் தங்கவைத்திருக்கிற ஒரு வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாக ராக்கெட் இல்லை. சண்டையை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்களாம். யார் நிறுத்தினார்கள், யார் மன்னிப்புக் கேட்டார்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் யாரும் கேக்கலப்பா. சும்மா நின்னுருச்சு” என்றாள்.

பிறகு சொன்னாள். “அப்பா, ஊருக்குப் போறவங்க பேரு எழுதுறாங்க. மேடமும் திரும்பி வந்துட்டாங்க. கோல் பண்ணி வா வான்னு கூப்பிடுறாங்க. பத்து மணிக்குள்ள பேரு குடுக்கணும். நான் என்னா செய்யட்டும்?”

வாயில் ‘வா’ என்றுதான் வந்தது. இங்கே வந்தால் மறுபடி பணம் கட்டி அனுப்ப யாரும் இல்லை, அது அவளுக்கும் தெரியும். அங்கே இருந்தால் இன்னொரு நாள் அந்தப் பெரிய நாட்டுக்கு இன்னொரு கோபம் வரும். போன தரம் உறுதியாகச் சொன்ன குரல் இந்தத் தரம் வரவில்லை.

“எனக்குத் தெரியலம்மா” என்றேன். “சத்தியமா தெரியல. போன தடவ சொன்னதும் தெரியாமச் சொன்னதுதான்.”

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

“எனக்கும் அப்பவே தெரியும்ப்பா” என்றாள். “நீங்க சொன்னா ஒரு தைரியம், அதுக்குத்தான் கேட்டேன்.” அப்புறம், “நான் மேடம் வீட்டுக்கே போறேன். அந்தக் கொழந்த என்னயத் தேடுதாம். பாஸ்போட்ட மட்டும் இனி குடுக்க மாட்டேன், என்கிட்டயே வச்சுக்குவேன். பரவாயில்லயாப்பா?”

“நீ சொன்னா சரிம்மா” என்றேன்.

போனைச் சட்டைப் பையில் போட்டேன். சம்சாரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னாவாம்?”

“திரும்ப அந்த வீட்டுக்கே போறாளாம்.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“தெரியலன்னு சொன்னேன்.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கீழே மலையில் பெரட்டுக்கு ஆட்கள் சேர்வது தெரிந்தது. இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினாள். நாலு எட்டு வைத்தவள் நின்று, திரும்பாமலே, “பாஸ்போட்டு இப்ப யாருகிட்ட?” என்று கேட்டாள்.

“அவ கையிலதான் இருக்கு” என்றேன்.